மனை விற்ற பணம்: எந்தப் பத்திரம் பத்திரமானது?

கோவையிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் கேட்டிருக்கிறார். வயது 62. 2006-இல் 9 லட்சத்துக்கு வாங்கிப் போட்ட சைட்டை இப்போது 80 லட்சத்துக்குக் கேட்கிறார்கள். குடியிருக்க ஒரு சொந்த வீடு இருக்கிறது. பெங்களூரில் இருக்கும் மகன், "வித்துட்டு ஒரு ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விட்டுடுங்கப்பா" என்கிறான். வங்கியில் கேட்டால், "பாண்டு போடுங்க, வரி மிச்சம்" என்கிறார்கள். "ரியல் எஸ்டேட்டுக்கும் பாண்டுக்கும் என்னதான் சம்பந்தம்? நான் எதில் போவது?" என்பது கேள்வி.

ஐயா, நான் ஒரு வங்கியின் வீட்டுக்கடன் பிரிவில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவன். இந்தக் கேள்வியை மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து நூறு விதமாகக் கேட்டிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

முதலில் ஒரு வார்த்தை விவகாரம். நம் ஊரில் வீடு வாங்கினால் கையில் கிடைப்பதும் பத்திரம். அரசாங்கத்துக்கோ கம்பெனிக்கோ கடன் கொடுத்தால் கிடைப்பதும் பத்திரம், அதுதான் பாண்டு. "பத்திரமா வெச்சுக்கோ" என்று அம்மா சொல்வதும் அதே சொல்தான். இந்த மூன்றும் ஒன்று என்று நினைத்துக்கொள்வதில்தான் பாதிக் குழப்பம் ஆரம்பிக்கிறது. கிரயப் பத்திரம் உங்களை ஒரு பொருளுக்குச் சொந்தக்காரர் ஆக்குகிறது. கடன் பத்திரம் உங்களை ஒருவருக்குக் கடன் கொடுத்தவர் ஆக்குகிறது. சொந்தக்காரருக்கு எவ்வளவு வரும், எப்போது வரும் என்று யாரும் எழுதிக்கொடுக்கவில்லை. கடன் கொடுத்தவருக்கு இரண்டும் எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கிறது. எழுதியவர் நாணயஸ்தரா என்பது மட்டும்தான் கேள்வி.

போதாததற்கு, எல்.ஐ.சி. பாலிசித் தாளையும் நம் ஆட்கள் "பாண்டு" என்பார்கள். வங்கியில் உங்களிடம் சொன்ன பாண்டு எது என்று முதலில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பாண்டு என்று பேச்சைத் தொடங்கி, ஐந்து வருடம் பிரீமியம் கட்டும் காப்பீட்டுப் பாலிசியில் கையெழுத்து வாங்கிய கதைகள் எனக்குத் தெரியும். மூத்த குடிமக்கள்தான் பெரும்பாலும் மாட்டுகிறார்கள்.

இரண்டுக்கும் உள்ள சம்பந்தத்துக்கு வருகிறேன். உங்களுக்குப் பழக்கமான ஒன்றிலிருந்தே தொடங்கலாம்: ஒத்தி. சென்னையில் போக்கியம், லீஸ் என்பார்கள். மதுரைப் பக்கம் மாதம் 8,000 ரூபாய் வாடகை போகும் ஒரு வீட்டை 6 லட்சத்துக்கு ஒத்திக்கு விடுகிறார்கள் என்று வையுங்கள். நீங்கள் 6 லட்சம் கொடுக்கிறீர்கள், மூன்று வருடம் வாடகையில்லாமல் குடியிருக்கிறீர்கள், காலி செய்யும்போது அதே 6 லட்சம் திரும்ப வருகிறது. இது அச்சு அசலாக ஒரு கடன் பத்திரம். 6 லட்சம் முகமதிப்பு, மூன்று வருடம் முதிர்வுக் காலம், கொடுக்காமல் மிச்சம் பிடிக்கும் வாடகை வட்டி. ஆண்டுக்கு 96,000 ரூபாய், அதாவது 16 சதவீதம். பாண்டு என்ற சொல்லைக் கேள்விப்படாத நம் பாட்டிமார்கூட இந்தக் கணக்கை மனசுக்குள் போட்டுத்தான் ஒத்திக்குப் போனார்கள்.

ஆனால் 16 சதவீதம் ஏன் கிடைக்கிறது? அந்த வீட்டுக்காரருக்கு வங்கியில் பாதி வட்டிக்குக் கடன் கிடைத்திருந்தால் உங்களிடம் வந்திருக்க மாட்டார். ஒன்று, அவர் காகிதத்தில் வில்லங்கம். அல்லது ஏற்கெனவே அந்த வீட்டின் மேல் கடன் இருக்கிறது. என் பெரியம்மாவுக்கு அதுதான் நடந்தது. 20 ரூபாய் தாளில் எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு 6 லட்சம் கொடுத்துக் குடியேறினார். ஒன்றரை வருடத்தில் வாசல் கதவில் வங்கி நோட்டீஸ் ஒட்டியது. 1882-ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டம் ஒத்தியை முறையான அடமானமாகவே ஏற்கிறது. ஆனால் 100 ரூபாயோ அதற்கு மேலோ உள்ள அப்படிப்பட்ட அடமானத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. பெரியம்மாவின் தாள் பதிவாகவில்லை. வங்கியிடம் மூலப்பத்திரம் முன்பே போயிருந்தது. 2002-இல் வந்த சர்ஃபாசி சட்டப்படி வங்கி 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு, நீதிமன்றத்தில் வழக்குப் போடாமலே வீட்டைக் கையகப்படுத்தும் வேலையைத் தொடங்கலாம். பெரியம்மாவுக்குத் தவணை தவணையாக மூன்றரை லட்சம் திரும்பியது. வில்லங்கச் சான்று ஒன்று எடுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்குமா என்று இன்றும் கேட்பார். வங்கியில் வைத்த அடமானத்தைப் பதிவு செய்திருந்தால் தெரிந்திருக்கும்.

இதை எதற்குச் சொன்னேன் என்றால், பாண்டில் பார்க்க வேண்டிய எல்லாமே இந்த ஒரு ஒத்தியில் இருக்கிறது. வட்டி எவ்வளவு, யார் தருகிறார், நமக்குமுன் வரிசையில் நிற்பவர் யார், தராவிட்டால் நாம் எதைப் பிடித்துக்கொள்வது. வட்டி ஊரைவிட அதிகமாக இருந்தால் அந்த அதிகம் எதற்கு என்று கேட்க வேண்டும்.

இப்போது ஒத்தியைத் தலைகீழாகத் திருப்புங்கள். உங்கள் மகன் சொல்லும் ஃபிளாட்டை எடுத்துக்கொள்வோம். 73 லட்சத்துக்கு ஒரு பழைய ஃபிளாட் வாங்குகிறீர்கள். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம். (2023 ஏப்ரலுக்கு முன் பதிவுக் கட்டணம் 4 சதவீதமாக இருந்தது, அதைக் குறைத்த கையோடு வழிகாட்டி மதிப்பை ஏற்றினார்கள்.) அது ஆறரை லட்சத்துக்கு மேல். புரோக்கர் கமிஷன், சுண்ணாம்பு, மோட்டார் ரிப்பேர் எல்லாம் சேர்ந்தால் 80 லட்சம் கையை விட்டுப் போயிருக்கும். மாதம் 20,000 வாடகை என்று வையுங்கள். ஆண்டுக்கு 2.4 லட்சம். மெயின்டனன்ஸ், சொத்து வரி, ஆள் மாறும்போது ஒரு மாதம் காலி, பெயின்ட் இவற்றைக் கழித்தால் கையில் நிற்பது 2 லட்சம். 80 லட்சம் போட்டு 2 லட்சம்: இரண்டரை சதவீதம்.

அரசாங்கத்தின் பத்தாண்டுப் பத்திர வட்டி 2020-இல் 6 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே இறங்கி, 2022-இல் ஏழரையைத் தொட்டு வந்தது. கணக்குக்கு ஆறரை என்று வைத்துக்கொள்வோம். யாரிடமும் வாடகை கேட்டுப் போகாமல், குழாய் ஒழுகாமல், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் விழும் பணம் அது.

அப்படியென்றால் ஃபிளாட் வாங்குகிறவர்கள் எல்லாம் கணக்குத் தெரியாதவர்களா? இல்லை. வாடகை ஏறும், பாண்டு வட்டி ஏறாது. இந்த ஒரு வித்தியாசத்துக்குத்தான் மீதி விலை. எவ்வளவு விலை என்பதையும் கண்டுபிடிக்கலாம். என்றைக்கும் ஏறாத 2 லட்சம் வருமானத்தை ஆறரை சதவீத உலகத்தில் வாங்கினால் அதன் மதிப்பு சுமார் 31 லட்சம். மிச்சம் 49 லட்சம், வாடகை இனி ஏறும் என்ற நம்பிக்கைக்குக் கொடுத்த விலை. வாடகை ஆண்டுக்கு 4 சதவீதம் என்றென்றைக்கும் ஏறிக்கொண்டே போனால், 2 லட்சத்தை ஆறரைக்கும் நாலுக்கும் உள்ள வித்தியாசமான இரண்டரை சதவீதத்தால் வகுக்க வேண்டும். வருவது சரியாக 80 லட்சம். ஆக, விலை நியாயமானதுதான், உங்கள் வாடகைதாரரை அரசாங்கத்துக்கு நிகராக நீங்கள் நம்பினால். அப்படி நம்பாமல், "இந்தத் தொல்லைக்கெல்லாம் எனக்கு இன்னும் 2 சதவீதம் சேர்த்து வேண்டும்" என்றால் வகுக்கும் எண் நாலரை ஆகிறது. அதே ஃபிளாட்டின் மதிப்பு 44 லட்சம்.

பாண்டுக்கும் வீட்டுக்கும் உள்ள ஆழமான சம்பந்தம் இதுதான் என்பேன். ஒரு வீட்டின் விலையில் வாடகை எவ்வளவு, ஆசை எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் படிக்கல் பாண்டு வட்டி. அந்தப் படிக்கல் இல்லாமல் "80 லட்சம் அதிகமா கம்மியா" என்று பேசுவதில் அர்த்தமில்லை.

படிக்கல்லே மாறினால்? ஆண்டுக்கு 7 ரூபாய் வட்டி தரும் 100 ரூபாய் பத்தாண்டுப் பத்திரம் வைத்திருக்கிறீர்கள். சந்தை வட்டி 8 ஆகிவிட்டால் உங்கள் பத்திரத்தை 100-க்கு யாரும் வாங்க மாட்டார்கள்; 93 ரூபாய் சொச்சத்துக்குத்தான் போகும். வட்டி 6 ஆனால் 107. இப்போது அதே பரீட்சையை ஃபிளாட்டுக்கு வையுங்கள். ஆறரை, ஏழரை ஆகிறது. வாடகை அதே 4 சதவீதம் ஏறுகிறது. 2 லட்சத்தை மூன்றரை சதவீதத்தால் வகுத்தால் 57 லட்சம். ஒரு சதவீத வட்டி ஏற்றத்துக்குப் பாண்டு 7 ரூபாய் இறங்க, ஃபிளாட் கணக்கில் 23 லட்சம் கரைகிறது. வருமானம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அவ்வளவு ஆட்டம் அதிகம். முதிர்வுத் தேதியே இல்லாத வீட்டைவிடத் தூரமான பாண்டு கிடையாது.

"அப்படி ஒரு நாளும் விலை இறங்கிப் பார்த்ததில்லையே" என்பீர்கள். சரிதான். பாண்டுக்குத் தினமும் விலை அச்சாகிறது, உங்கள் சைட்டுக்கு ஆகவில்லை. வீட்டு விலை நம் ஊரில் இறங்குவதில்லை, நின்றுவிடும். கேட்கிறவர் வரமாட்டார், புரோக்கர் போனை எடுக்கமாட்டார், விற்கிறவர் "எனக்கொண்ணும் அவசரமில்லை" என்பார். ஐந்தாறு வருடம் ஒரே விலையில் நின்றால், விலைவாசி ஏறியதில் மறைமுகமாக இறங்கிவிட்டது என்றுதான் பொருள். இன்னொரு காரணத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: வட்டி ஏறுவது பெரும்பாலும் விலைவாசி ஏறும்போதுதான். அப்போது வாடகையும் கூடவே ஏறும். அதனால் என் கணக்கு காட்டும் அளவுக்கு மோசமாக நிஜத்தில் நடப்பதில்லை. பாண்டுக்கு அந்தக் கவசம் இல்லை.

வட்டி மாற்றம் வீட்டு விலையைத் தொடும் வழி ஒன்று கண்ணுக்கு நேராக இருக்கிறது: வாங்குகிறவரின் இ.எம்.ஐ. 2020 மே மாதம் ரெப்போ, அதாவது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டி, 4 சதவீதத்துக்கு இறங்கியது. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ஆறரைக்கு ஏறியது. 2019 அக்டோபரிலிருந்து வங்கிகளின் புதிய மாறும் வட்டி வீட்டுக்கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டவை என்பதால், ஏற்றம் அப்படியே கடன்காரர் தலையில் விழுந்தது. 50 லட்சம், 20 வருடம், 7 சதவீதம் என்றால் இ.எம்.ஐ. 38,765. அதே இ.எம்.ஐ. கட்டக்கூடிய ஒருவருக்கு 9 சதவீதத்தில் 43 லட்சம்தான் கடன் கிடைக்கும். வாங்குகிறவர் கையில் 7 லட்சம் குறைந்துவிட்டது. விற்கிறவர் எங்கே போய் விலை ஏற்றுவார்? ஏற்கெனவே கடன் வாங்கியவர் கதை இன்னும் வேடிக்கை. தவணைத் தொகையை மாற்றாமல் காலத்தை மட்டும் நீட்டினால், 20 வருடக் கடன் 38 வருடம் ஆகிறது. எண்ணைத் தட்டிப் பாருங்கள், 458 மாதம். என் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து, "சார், மூணு வருஷம் கட்டிட்டேன், பாக்கித் தவணை ஏன் கூடிருக்கு?" என்று கேட்ட ஆசிரியை ஒருவரின் முகம் இன்னும் நினைவிருக்கிறது.

கடன் வாங்கி வீடு வாங்குகிறவர் உண்மையில் என்ன செய்கிறார் என்று பாண்டுக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் இன்னொன்று புரியும். அவர் ஒரு பாண்டு வெளியிடுகிறார். வாங்குகிறது வங்கி. எட்டு, ஒன்பது சதவீதத்துக்குத் தன் பத்திரத்தை விற்று, அந்தப் பணத்தில் இரண்டரை சதவீதம் வரும் வீட்டை வாங்கி, நடுவில் உள்ள பள்ளத்தை விலையேற்றம் நிரப்பும் என்று காத்திருக்கிறார். குடியிருக்க வாங்குகிறவர் இதைச் செய்யலாம். சொந்த வீட்டின் நிம்மதிக்கு நான் விலை போட மாட்டேன். வாடகைக்கு விடக் கடன் வாங்குவதை நான் யாருக்கும் சொன்னதில்லை.

சரி, உங்கள் 80 லட்சத்துக்கு வருவோம். லாபம் 71 லட்சம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய சொத்து என்பதால், இந்தியாவில் வசிக்கும் தனிநபரான உங்களுக்கு இரண்டு வழி உண்டு. பணவீக்கக் குறியீட்டைச் சேர்த்து 20 சதவீதம், அல்லது சேர்க்காமல் 12.5 சதவீதம். 2006-07 குறியீட்டு எண் 122, 2025-26-க்கு 376. அதன்படி 9 லட்சம், 27.7 லட்சம் ஆகும், லாபம் 52.3 லட்சம், அதில் 20 சதவீதம் பத்தரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. குறியீடு இல்லாமல் 12.5 சதவீதம் என்றால் 8.87 லட்சம். உங்களுக்கு இரண்டாவதுதான் லாபம். ஆனால் வருமானம் 50 லட்சத்தைத் தாண்டுவதால் வரியின் மேல் 10 சதவீதம் சர்சார்ஜ் என்ற கூடுதல் வரி, அதன் மேல் 4 சதவீதம் செஸ் சேரும். மொத்தம் 10.15 லட்சம். இந்த சர்சார்ஜைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

வங்கியில் சொன்ன பாண்டு, வருமான வரிச் சட்டப் பிரிவின் பெயரால் வழங்கும் 54ஈசி பாண்டாக இருந்தால், இதற்கென்றே வைத்த ஏற்பாடு அது. நிலமோ கட்டிடமோ விற்ற நீண்டகால லாபத்தை, விற்ற ஆறு மாதத்துக்குள், 50 லட்சம் வரை போடலாம். ஆர்.இ.சி., பி.எஃப்.சி., ஐ.ஆர்.எஃப்.சி. போன்ற அரசு நிறுவனங்கள் வெளியிடுகின்றன. உங்கள் சைட்டுப் பணம் மின்கம்பிக்கும் ரயில் பெட்டிக்கும் கடனாகப் போகிறது. வட்டி 5.25 சதவீதம், அதற்கு வரி உண்டு. ஐந்து வருடம் தொட முடியாது, விற்க முடியாது, அடகு வைத்துக் கடன் வாங்கினால் சலுகையே பறிபோகும்.

5.25 என்றதும் முகம் சுளிக்காதீர்கள். 50 லட்சம் இதில் போட்டால் வரி விதிக்கும் லாபம் 21 லட்சமாகச் சுருங்குகிறது. சர்சார்ஜ் எல்லையிலிருந்தும் வெளியே வந்துவிடுகிறீர்கள். வரி 2.73 லட்சம்தான். மிச்சம் 7.4 லட்சம். அதாவது உங்கள் பையிலிருந்து நிஜமாகப் போனது 42.6 லட்சம், ஐந்து வருடம் கழித்து வருவது 50 லட்சம், நடுவில் ஆண்டுக்கு 2.62 லட்சம் வட்டி. இதைக் கூட்டிக் கழித்தால் ஏறக்குறைய 9 சதவீத வருமானம். அரசு நிறுவனத்தின் பத்திரத்தில் 9 சதவீதம் வேறு எங்கும் கிடைக்காது. இந்தச் சலுகை ஒருமுறைதான் என்பதையும் மறக்க வேண்டாம். ஐந்து வருடம் கழித்து அந்தப் பணம் சாதாரணப் பணம்.

மீதி சுமார் 27 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடலாம். உச்சவரம்பு 30 லட்சம், வட்டி 2023 ஏப்ரலில் 8.2 சதவீதம் ஆக்கப்பட்டது, போடும்போது இருக்கும் வட்டி ஐந்து வருடத்துக்கு நிற்கும். ஆண்டுக்கு 2.2 லட்சம். இரண்டும் சேர்ந்து 4.8 லட்சம் வருகிறது; ஃபிளாட் தருவது 2 லட்சம்.

மகன் பக்க நியாயத்தையும் சொல்கிறேன், அவர் பிசகாகச் சொல்லவில்லை. 54எஃப் என்ற பிரிவில், விற்ற பணம் முழுவதையும் ஒரு குடியிருப்பு வீட்டில் போட்டால் 10.15 லட்சமும் மிச்சம். உங்களிடம் ஒரு வீடு மட்டும் இருப்பதால் தகுதி உண்டு. இரண்டு இருந்திருந்தால் கிடையாது. ஆனால் அங்கே மிச்சமாகும் பத்து லட்சத்தில் ஆறரை லட்சத்தைப் பதிவுத்துறையில் கட்டுகிறீர்கள். ஒரு கவுண்டரில் வாங்கி இன்னொரு கவுண்டரில் கட்டுவது போல.

ஐந்து வருடம் கழித்து எது ஜெயிக்கும்? பாண்டு வழியில் 77 லட்சம் அசல், அதோடு ஃபிளாட்டைவிடக் கூடுதலாக வந்த வருமானம் ஆண்டுக்கு 2.8 லட்சம் வீதம் 14 லட்சம். மொத்தம் 91. ஃபிளாட் 73-லிருந்து 91 ஆக வேண்டும் என்றால் ஆண்டுக்கு நாலரை சதவீதம் ஏற வேண்டும். விற்கும்போது கமிஷன், வரி இவற்றுக்குச் சேர்த்து ஐந்து, ஐந்தரை என்று வையுங்கள். இது நடக்காத காரியம் இல்லை. நல்ல இடத்தில், நிலப் பங்கு அதிகமாக உள்ள சின்ன அடுக்ககமாக இருந்தால் நடக்கும். கட்டிடம் வருடா வருடம் கிழடாகிறது; ஏறுவது மண் மட்டும்தான். 1,000 சதுர அடி ஃபிளாட்டுக்கு 550 சதுர அடி யூ.டி.எஸ். (உங்கள் பங்குக்கு வரும் பிரிக்காத நிலம்) இருக்கிறதா, 250 இருக்கிறதா என்பதைப் பார்க்காமல் மாடியிலிருந்து தெரியும் காட்சியைப் பார்த்து வாங்குகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இருபது மாடிக் கட்டிடத்தில் பதினைந்தாவது மாடியை முதலீட்டுக்கு வாங்குவது, ஏறாத பாண்டையும் ஒழுகும் குழாயையும் சேர்த்து வாங்குவது போலத்தான்.

நடுவழி ஒன்றும் உண்டு: ரீட். பலரிடம் பணம் திரட்டி, வாடகை வரும் பெரிய கட்டிடங்களை வைத்திருக்கும் அமைப்பு அது. 2019 ஏப்ரலில் எம்பசி முதலில் பட்டியலானது. பிறகு மைண்ட்ஸ்பேஸ், புரூக்ஃபீல்டு, நெக்ஸஸ். வடபழனி விஜயா மால் இந்த நெக்ஸஸ் ரீட்டில்தான் இருக்கிறது. பல்லாவரம்–துரைப்பாக்கம் சாலையில் உள்ள ஒரு பெரிய ஐ.டி. வளாகம் எம்பசியில் இருக்கிறது. பகிரக்கூடிய பணத்தில் 90 சதவீதத்தைக் கொடுத்தே ஆக வேண்டும், சொத்தில் 80 சதவீதம் கட்டி முடித்து வாடகை வருவதாக இருக்க வேண்டும் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி. ஒரு யூனிட்கூட வாங்கலாம். ஆனால் பங்குச் சந்தையில் தினமும் விலை ஆடும், வட்டி ஏறினால் பாண்டு போலவே சோர்ந்து போகும். அந்த ஆட்டத்தைப் பார்த்துத் தூக்கம் கெடும் என்றால் வேண்டாம்.

பாண்டிலேயே நான் உங்களைத் தள்ளி நிற்கச் சொல்வது ஒன்று உண்டு. ரியல் எஸ்டேட் கம்பெனிகளும் வீட்டுக்கடன் கம்பெனிகளும் வெளியிடும் என்.சி.டி. எனப்படும் கடன் பத்திரங்கள். "ரியல் எஸ்டேட்டும் ஆச்சு, பாண்டும் ஆச்சு" என்று இரண்டும் சேர்ந்த சாமான் போலத் தெரியும். டி.எச்.எஃப்.எல். என்ற வீட்டுக்கடன் கம்பெனியின் பத்திரங்களுக்கு 2019 தொடக்கம் வரை மூன்று ஏ என்ற உச்சத் தரம் இருந்தது. அதே ஆண்டு ஜூனில் வட்டி கட்டத் தவறியது. நவம்பரில் ரிசர்வ் வங்கி அதன் நிர்வாகக் குழுவைக் கலைத்தது. சுமார் 87,000 கோடி ரூபாய் பாக்கிக்கு எதிராக, 2021-இல் பிரமல் குழுமம் கொடுத்த விலை 34,250 கோடி. அதிலும் 19,550 கோடி ரொக்கமாக இல்லை, 6.75 சதவீத வட்டியில் பத்தாண்டுக்கு இன்னொரு கடன் பத்திரம். பத்திரம் கொடுத்து ஏமாந்தவர்களுக்கு இன்னொரு பத்திரம். தரமதிப்பீட்டு எழுத்து, மாப்பிள்ளை வீட்டார் தரும் ஜாதகம் மாதிரி. பார்க்கலாம், அதை மட்டும் பார்த்து முடிவெடுக்கக்கூடாது.

சீனாவில் எவர்கிராண்ட் என்ற பெரிய கட்டுமானக் கம்பெனி விஷயத்திலும் கடன் பத்திரச் சந்தைதான் முதலில் முகர்ந்தது. 2021-இன் நடுவிலேயே அதன் பத்திரங்கள் விழத் தொடங்கின. அந்த டிசம்பரில்தான் தரமதிப்பீட்டு நிறுவனம், கடன் கட்டத் தவறிவிட்டது என்று அறிவித்தது. முன்பணம் கட்டி வீட்டுக்குக் காத்திருந்தவர்கள் கடைசியில் தெரிந்துகொண்டார்கள். இங்கே ஒரு பில்டரிடம் கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட் வாங்குவதாக இருந்தால், நீங்களும் அவருக்கு வட்டியில்லாமல் கடன் கொடுத்தவர்தான். அதை உணர்ந்துதான் 2018-இல் திவால் சட்டத்தைத் திருத்தி, வீடு வாங்குவோரையும் நிதிக் கடன் கொடுத்தவர்கள் பட்டியலில் சேர்த்தார்கள். அந்த உரிமை நல்லதுதான். அதைப் பயன்படுத்தும் நிலை வராமல் இருப்பது அதைவிட நல்லது.

இரண்டு சின்ன விஷயம். 50 லட்சமோ அதற்கு மேலோ உள்ள விற்பனை என்பதால் வாங்குகிறவர் 1 சதவீதம் டி.டி.எஸ். எனும் வரிப் பிடித்தம் செய்வார். 80,000 குறைகிறதே என்று சண்டைக்குப் போகாதீர்கள், நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழிந்துவிடும். அப்புறம், "பத்திரத்தில் 45 போட்டுக்கலாம், மீதி ரொக்கமா வாங்கிக்குங்க" என்று யாராவது சொன்னால், மேலே போட்ட கணக்கு முழுவதும் தலைகீழ். கறுப்பில் வந்த பணத்துக்கு 54ஈசியும் கிடையாது, சேமிப்புத் திட்டமும் கிடையாது. அது இன்னொரு சைட்டுக்குள்தான் போய் ஒளிய முடியும். ரொக்கமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ வாங்குவதே சட்டப்படி கூடாது, வாங்கிய அளவுக்கு அபராதம்.

உங்கள் நிலையில் நான் இருந்தால் 50 லட்சத்தை 54ஈசியில் போடுவேன், மீதியைச் சேமிப்புத் திட்டத்தில் போடுவேன், ஃபிளாட் வாங்க மாட்டேன். உங்களுக்கு ஏற்கெனவே ஒரு வீடு இருக்கிறது. வாழ்நாள் சொத்தில் மண் பங்கு போதும். 62 வயதில் தேவை தவறாமல் வரும் பணம், வாடகைதாரர் போனை எடுக்கும் வேலை இல்லை.

ஒன்று கேட்கிறேன். பெங்களூரில் மகனுக்கு வீட்டுக்கடன் இருக்கிறதா? இருந்தால், அந்தக் கடனை அடைப்பதுதான் உங்கள் குடும்பத்துக்குக் கிடைக்கக்கூடிய நல்ல பாண்டு. எட்டேகால் சதவீதக் கடனை அடைத்தால் எட்டேகால் சதவீதம் உறுதியான வருமானம். மிச்சமாகும் வட்டிக்கு வரியும் கிடையாது. மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைக்கத் தனிநபரிடம் வங்கி அபராதமும் வாங்க முடியாது. அப்பா மகனுக்குக் கொடுக்கும் பணத்துக்கு வருமான வரியும் இல்லை. முழுவதையும் தூக்கிக் கொடுங்கள் என்று சொல்லவில்லை, 54ஈசியில் போட வேண்டியதைப் போட்ட பிறகு, மீதியில் ஒரு ஐந்து, பத்து லட்சம். ஃபிளாட் பேச்சை எடுக்கும்போது அவருடைய கடன் ஸ்டேட்மென்ட்டைக் கொண்டுவரச் சொல்லி, "எஞ்சிய தவணைகள்" என்ற கட்டத்தை இருவருமாகப் பாருங்கள். 2022-க்கு முன் வாங்கிய கடனாக இருந்தால், அந்த எண்ணைப் பார்த்ததும் இன்னொரு ஃபிளாட் பேச்சை அவரே நிறுத்திவிடுவார்.